டாங்கியை ஏற்றிச் சென்றவர்

என் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எந்தத் தெருமுனையிலும் மனிதர் சட்டென்று திரும்ப மாட்டார். இடப்பக்கம் போக வேண்டுமானால் முதலில் வலப்பக்கம் நன்றாக ஒதுங்குவார். பிறகு தெருவின் மொத்த அகலத்தையும் எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் இன்னும் முப்பது டயர் வந்துகொண்டிருப்பதைப் போல நிதானமாகத் திரும்புவார். ஆட்டோக்காரர்கள் திட்டாத நாள் கிடையாது. ஒருவர் வண்டியை நிறுத்தி, "சார், எங்குட்டுத்தான் போகப் போறீக?" என்றே கேட்டுவிட்டார். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இங்குட்டுத்தான்" என்று இடப்பக்கம் கை காட்டிவிட்டு, அதே அகலத்தில் திரும்பினார்.

பதினேழு வருடப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ராணுவத்தில் அவர் ஓட்டியது டாங்கிகளை ஏற்றிச் செல்லும் லாரி. லாரி என்றதும் நெல் மூட்டை ஏற்றுகிற வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஓர் இழுவை வண்டி, அதற்குள் ஏறவே மூன்று படி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் டாங்கிக்காரர்கள் உட்கார்ந்து வர இன்னொரு வரிசை இருக்கைகள். அதற்கும் பின்னால் தாழ்வாக, நீளமாக ஒரு டிரெய்லர். அதன் டயர்களை நான் இரண்டு தடவை எண்ணி, இரண்டு தடவையும் வேறு வேறு கணக்கு வந்து விட்டுவிட்டேன். டிரெய்லரின் கடைசியில் இரண்டு இரும்புப் பலகைகள் மடங்கி நிற்கும். அவற்றைத் தரைக்கு இறக்கினால் டாங்கி அதன் வழியாக உறுமிக்கொண்டு மேலே ஏறி வரும். அதை நான்கு மூலையிலும் சங்கிலியால் கட்டி இறுக்கி, பீரங்கிக் குழலைப் பின்பக்கம் திருப்பிப் பூட்டி, இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி கட்டி, அப்புறம்தான் வண்டி நகரும். நகரும் என்றுதான் சொல்ல முடியும், பறக்கும் என்று சொல்ல முடியாது. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனதுண்டு என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

டாங்கிதான் தானாகவே ஓடுமே, அதை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"அது சண்டையில ஓடுறதுக்குச் செஞ்சது. நூறு எரநூறு மைல் ரோட்டுல விட்டா ரோடும் நாசம், அதோட இரும்புப் பட்டையும் தேஞ்சு போகும். போயிச் சேர்றதுக்குள்ளயே அலுத்துப் போனா எங்கிட்டுச் சண்ட போடுறது? அதக் கொண்டுபோயி எல்லையில விடுறதுதான் நம்ம வேல" என்றார்.

அந்தப் பதில் எனக்கு அப்போது பிடிக்கவில்லை. கொண்டுபோய் விடுகிற வேலை என்றால், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற வேன்காரர் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் என்னை ஏமாற்றிக் கல்யாணம் செய்யவில்லை. பெண் கேட்டு வந்த தரகர்தான் "மாப்பிள்ள மிலிட்டரியில டாங்கியில இருக்காரு" என்று அளந்துவிட்டுப் போனார். நிச்சயம் முடிந்த மறுவாரம் இவர் முதன்முதலாக எனக்குப் போன் செய்தார். நலம் விசாரித்த கையோடு, "ஒரு விஷயம் சொல்லணும். நான் டாங்கி ஓட்டல, டாங்கிய ஏத்திப் போற லாரி ஓட்டுறேன். பின்னால தெரிஞ்சு நீ சங்கடப்படக் கூடாது" என்றார். நான் "அதனால என்ன?" என்றேன். போனை வைக்கும்வரை அந்த வார்த்தை உண்மையாகத்தான் இருந்தது.

அந்த வருடம்தான் காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஆசிரியைகள் அறையில் புதிதாக வருகிறவளிடம் என்ன கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவருடைய வீட்டுக்காரர் சிங்கப்பூரில், ஒருவருடைய வீட்டுக்காரர் வங்கியில், இன்னொருவருடைய குடும்பம் தங்கள் பழைய வீட்டையே வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாக்கியிருந்தது. எங்கள் தெருவிலோ லாரி டிரைவர் என்றால் பெண் கொடுக்க நாலு தடவை யோசிப்பார்கள். "ஒங்க வீட்டுக்காரரு?" என்றார்கள். "மிலிட்டரி" என்றேன். "மிலிட்டரில?" என்றார்கள். லாரி என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. "டாங்கி" என்று மட்டும் சொன்னேன்.

ஓட்டுகிறார் என்று நான் சொல்லவில்லை. அதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். அதோடு நான் நிறுத்தியிருந்தால் பாதிப் பாவம்தான். ஆனால் பொய்க்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவளும் நான்தான். பாலைவனத்தில் டாங்கி ஓட்டும்போது உள்ளே சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் என்பேன். நான் தமிழாசிரியை வேறு, வர்ணனைக்குக் கேட்கவா வேண்டும்? கேட்டவர்கள் வாய் பிளந்தார்கள்.

பள்ளி விடுமுறைகளில் வடக்கே அவருடைய குடியிருப்புக்குப் போவேன். சுற்றிலும் மணலும் முள்ளும்தான். ஒருநாள் காலையில் டாங்கி ஏற்றுவதைப் பார்க்கக் கூட்டிப் போனார். டாங்கியை ஓட்டுகிறவனுக்குத் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. அவனுக்கு அந்த இரும்புப் பலகைகள் தெரியாதாம். டிரெய்லரின் அகலம் தெரியாதாம். டாங்கியின் இரண்டு பக்கப் பட்டைகளும் டிரெய்லருக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சாண் தப்பினால் மொத்தமும் கவிழ்ந்துவிடும். என் கணவர் டிரெய்லரின் மேல் அவனுக்கு எதிரே நின்றார். சத்தத்தில் எந்தப் பேச்சும் கேட்காது. இரண்டு கைகள் மட்டும். உள்ளங்கையை இப்படிச் சாய்த்தால் அவ்வளவு பெரிய இரும்பு இப்படித் திரும்பியது. விரல்களை மடக்கினால் நின்றது. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும், அவர்களுடைய அதிகாரி உட்பட, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஏன் என்று அப்புறம் கேட்டேன். "ஏத்தும்போது ஒரே ஒரு ஆளுதான் கை காட்டணும். ரெண்டாவது ஆளு கையத் தூக்குனாலே டாங்கி நின்னுரும். யாரு சொல்றத நம்புறதுன்னு அவனுக்குக் கொழப்பம் வந்துரும்ல" என்றார். எனக்கு அன்றைக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் காட்சியை ஆசிரியைகள் அறையில் நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் டாங்கிக்கு வெளியே நின்றது தெரிந்துவிடுமே.

ஓய்வு பெற்று ஊரோடு வந்து நான்கு வருடமாகிறது. நாட்டரசன்கோட்டைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் வயல் உண்டு, அதைப் பார்த்துக்கொள்கிறார். அவர் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு பயமும் இருந்தது. அவர் தூரத்தில் இருந்தவரை பொய்யும் பத்திரமாக இருந்தது. என்னோடு வேலை செய்கிறவர்கள் வீட்டுக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் "அவுகளுக்கு வயல்ல வேல" என்று சொல்லி நான் மட்டும் போய்வந்தேன்.

போன வருடம் பள்ளிக்கே டாங்கி வந்து சேர்ந்தது. பள்ளி நிர்வாகிக்குச் சொந்தக்காரர் ஒருவர் ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். படையிலிருந்து கழித்துவிட்ட பழைய டாங்கி ஒன்றைப் பிள்ளைகள் பார்ப்பதற்காகப் பள்ளி வளாகத்தில் நிறுத்த ஏற்பாடு செய்துவிட்டார். தலைமையாசிரியைக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நம்ம வீட்டுலயே டாங்கி ஓட்டுன ஆள வச்சுக்கிட்டு வெளிய எதுக்குத் தேடணும்? ஒங்க வீட்டுக்காரருதான் சிறப்பு விருந்தினர். நீங்கதான் அறிமுக உரை. நல்லா எழுதிக்கிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்குப் போய், "ஸ்கூல்ல டாங்கி கொண்டாந்து வைக்கிறாக. ஒங்களச் சிறப்பு விருந்தினராக் கூப்பிடுறாக" என்று பாதியை மட்டும் சொன்னேன்.

"என்னய எதுக்கு?"

"மிலிட்டரில இருந்தீகல்ல."

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். "சரி, வாரேன்" என்றார். மறுநாளே வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார். அறிமுக உரையை எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். பொய்யைப் படித்தால் அவர் காதில் விழும். தன் வேலையைச் சொல்லத் தன் பெண்டாட்டியே இத்தனை வருடம் கூசினாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். உண்மையைப் படித்தாலும் அதே கதிதான். ஊர் என்ன நினைக்கும் என்பது அப்போது எனக்குப் பெரிதாகவே படவில்லை. அவர் மனசு நோகக் கூடாது. அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

விழாவுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு டாங்கி வந்தது. அமராவதிபுதூர்ப் பக்கம் சாலையோரமாக நிறுத்தித் தூங்கி எழுந்து, கொடியும் தூசியுமாக வந்து சேர்ந்தது அந்த டிரெய்லர். ராணுவ வண்டி இல்லை, தனியார் வண்டிதான். ஆனாலும் அதே ஜாடை. ஓட்டிவந்தவர் வடக்கத்திக்காரர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் பள்ளித் தெருவில் இரண்டு பக்கமும் பழைய செட்டிநாட்டு வீடுகளின் மதில்தான். ஒரு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், நடுவில் இடைவெளியே கிடையாது. பள்ளி வாசலில் இரண்டு தூண்கள், அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் வழுக்கும். அவற்றில் ஒரு கீறல் விழுந்தாலும் தலைமையாசிரியை அன்னந்தண்ணி இறங்காமல் படுத்துவிடுவார். அப்படிப்பட்ட தெருவிலிருந்து அப்படிப்பட்ட வாசலுக்குள் அந்த டிரெய்லர் ரிவர்ஸிலேயே போக வேண்டும்.

ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தால் நம் ஊரில் என்ன நடக்குமோ அது நடந்தது. தெருவில் இருந்த அத்தனை பேரும் வழிகாட்டிகளானார்கள். பால்காரர் "வா, வா, வா" என்றார். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் "லெஃப்ட்ல ஒடி" என்றார். மளிகைக் கடைக்காரர் "ஒடிக்காத, நேராப் போ" என்றார். இன்னொருவர் டிரெய்லரைத் தட்டித் தட்டி "போலாம் ரைட்" என்றார். எங்கள் பி.டி. மாஸ்டர் நடுவில் நின்று விசில் ஊதினார். அது போகச் சொல்லும் விசிலா நிற்கச் சொல்லும் விசிலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. நானும் சும்மா இருக்கவில்லை, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், போதும் என்பதற்கு "பஸ், பஸ்" என்று கத்தினேன். ஓட்டுநர் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், ஒங்க வீட்டுக்காரருக்குப் போனப் போடுங்க" என்றார் தலைமையாசிரியை.

வயலிலிருந்து அப்படியே வந்தார். மடித்துக் கட்டிய கைலி, தோளில் துண்டு. வந்ததும் யாரிடமும் பேசவில்லை. டிரெய்லரைச் சுற்றி நடந்தார். கீழே கிடந்த ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு டயரையும் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். ஒவ்வொரு சங்கிலியையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது, அதன் பக்கத்திலேயே நின்றார். ஓட்டுநர் கேபினிலிருந்து இறங்கி வந்தார். இருவரும் சேர்ந்து அதை இறுக்கினார்கள். ஏதோ பேசிச் சிரித்தார்கள். பிறகு இவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. யாரும் கை காட்ட வேணாம், சத்தமும் வேணாம். மாஸ்டர், விசிலும் வேணாம்."

சொன்ன தோரணையில் பால்காரர்கூடக் கையைக் கட்டிக்கொண்டார். இவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி ஓரிடத்தில் போய் நின்றார். இரண்டு கைகளையும் உயர்த்தினார். டிரெய்லர் பின்னால் வரத் தொடங்கியது. தூணுக்கும் டாங்கியின் பட்டைக்கும் நடுவில் நாலு விரற்கடை. விரல்கள் மடங்கின, வண்டி நின்றது. முன்னால் போகச் சொல்லி, மறுபடி வளைத்து, மறுபடி நிறுத்தினார். இப்படி மூன்று தடவை. எப்போதும் வாய் ஓயாத எங்கள் தெருவில் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. முக்கால் மணி நேரத்தில், ஒரு கீறலும் இல்லாமல், டிரெய்லர் முழுதாக உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகள் மாடி வராந்தாவிலிருந்து கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது.

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நானும் தலைமையாசிரியையும் நின்ற இடத்துக்கு வந்தார். என் கணவர் நாலடி தள்ளிக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் அவரைக் காட்டி இந்தியில் என்னிடம் கேட்டார்: "உஸ்தாத் எத்தனை வருஷம் டாங்கி லாரி ஓட்டினார்? டாங்கி சுமந்தவன்தான் இப்படி நிற்பான்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. தலைமையாசிரியைக்கு இந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. "என்ன டீச்சர் சொல்றாரு?" என்றார்.

"டாங்கி ரொம்பப் பழசு, பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொல்றாரு மேடம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது. குழாய் நின்றது. அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தலைமையாசிரியை, "அடேங்கப்பா! டாங்கி ஓட்டுன கைக்கு லாரியெல்லாம் எம்மாத்திரம்!" என்றார்.

"பழக்கந்தான் மேடம்" என்றார் அவர். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் ஓட்டுநரைச் சாப்பிடக் கூட்டிப் போனார். மத்தியானம் கிரேன் வந்து டாங்கியை அதற்கென்று கட்டிய சிமெண்டுத் திண்டில் தூக்கி வைக்கும்வரை கூடவே நின்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ கேட்டார். ஓட்டுநருக்கு எத்தனை பிள்ளைகள், வழியில் எந்த ஊரில் டயர் வெடித்தது என்றெல்லாம் சாவகாசமாகப் பேசினார். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் கண்ணெதிரே, அவருக்குப் புரிகிற இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்றுகொண்டு, அவருடைய பதினேழு வருடத்தை நான் துடைத்துப் போட்டிருந்தேன்.

மறுநாள் டாங்கிக்குச் செவ்வந்தி மாலை போட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். யாரோ அதன் இரும்புப் பட்டைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேறு வைத்திருந்தார்கள். அது இனி எங்கேயும் நகரப் போவதில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் வரிசையாக மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு மேடையில் கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் ஒலிபெருக்கிக்கு முன்னால் காகிதத்தோடு போய் நின்றேன்.

"பாலைவனத்தின் கொதிக்கும் மணலில் டாங்கி ஓட்டிய..." என்று வாசித்தேன். நல்ல வாக்கியம், நான் எழுதியதுதான். அதற்கு மேல் ஓடவில்லை. காகிதத்தை மடித்தேன்.

"இது தவறு. இவர் டாங்கி ஓட்டியவர் இல்லை. டாங்கிகளை ஏற்றிச் செல்லும் ராணுவ லாரியை ஓட்டியவர். அதை இவர் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். லாரி என்று சொல்ல வெட்கப்பட்டு இத்தனை வருடம் மாற்றிச் சொன்னவள் நான். நேற்று இந்த வாசலில் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்களே, அதுதான் இவருடைய வேலை. எனக்குத்தான் அதைச் சொல்லத் தெரியவில்லை." இவ்வளவுதான் பேசினேன்.

தலைமையாசிரியை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் எழுந்து வந்தார். "டீச்சர் சொன்னது சரிதான். நான் ஓட்டுனது லாரி" என்று தொடங்கி, டயர்களைப் பற்றியும் சங்கிலிகளைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினார். ஒரு பிள்ளை எழுந்து, "பயமா இருக்காதா சார்?" என்று கேட்டாள். "இருக்கும்மா. அம்புட்டுப் பாரம் பின்னால இருக்கையில நெனச்ச எடத்துல நிறுத்த முடியாது. அதான் எப்பவும் மெதுவாவே போவோம்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். விழா முடிந்ததும் தலைமையாசிரியை என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டில் கேசரியை வைத்து என் கையில் கொடுத்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது.

"ஏங்க, எம்மேல கோவமா இருக்கீகளா?"

"எதுக்கு?"

"நேத்துக் குழாயடியில எல்லாத்தையும் கேட்டீகல்ல."

"நேத்தா?" என்று சிரித்தார். அடுப்படி வாசலில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். "அது தெரிஞ்சு எட்டு வருஷமாச்சு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒரு தடவ லீவுல வந்திருந்தப்ப, ஒங்க ஸ்கூல்ல யாரு வீட்டுக் கல்யாணத்துக்கோ போனோம்ல. நீ பொம்பளைக பந்தியில இருந்த. ஒங்க பி.டி. மாஸ்டர் எம் பக்கத்து எலையில உக்காந்து, 'டாங்கியில எத்தன கியரு சார்'னு கேட்டாரு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, நீ என்ன சொல்லி வச்சிருக்கேன்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

"எனக்கு என்ன தெரியும்? அதெல்லாம் ராணுவ ரகசியம்னு சொல்லிட்டுப் பாயசத்தக் குடிச்சேன். அவரும் நம்பிட்டாரு."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. அந்த வேலயச் சொல்ல ஒனக்குக் கூச்சமா இருக்கு, அதுக்கு என்ன பண்றது? முதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு." அதை அவர் மறைக்கவில்லை. பிறகு காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: "ஆனா அதவிட, அடுத்த தடவ வேற யாராச்சும் கேட்டு, நான் முழிச்சு, நாலு பேரு முன்னால ஒன்னப் பொய்க்காரியாக்கிட்டா என்ன செய்றதுன்னுதான் பயமா இருந்துச்சு. லீவு முடிஞ்சு போனதும் எங்க கேபின்ல ஏறி வந்த டாங்கி டிரைவர் ஒருத்தனப் பிடிச்சுக்கிட்டேன். மூணு நாள் பயணம். வழி பூராம் அவன்கிட்டக் கேட்டுக் கேட்டுப் படிச்சுக்கிட்டேன்."

"எத்தன கியரு?" என்று மட்டும் கேட்டேன்.

"முன்னால போக ஏழு, பின்னால ஒண்ணு" என்றார் உடனே. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு லீவர் என்றார். வலப்பக்க லீவரை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும் என்றார். குளிர் காலத்தில் எஞ்சின் எழும்பாவிட்டால் காற்றைச் செலுத்தி எழுப்புவார்கள் என்றார். மழையில் கண்ணாடியை எப்படித் துடைப்பது, உள்ளே எத்தனை பேர், யார் எங்கே உட்காருவது என்று, கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்விகள் அவை. கேட்க முடியாதபடி, ஊரோடு வந்த பிறகு அவரை எந்த விசேஷத்துக்கும் கூட்டிப் போகாமல் வைத்திருந்தவளும் நான்தான். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் பொய்யை, நான் எங்கேயும் அவமானப்படக் கூடாதென்று, எட்டு வருடம் அவர் ஒரு வரி மறக்காமல் மனப்பாடமாக வைத்திருந்தார்.